48தான் மேடம் காட்டுது

1

போன வருஷம் மே மாதம் கடலூரில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, இது ரொம்ப சூடாகுது. ஆமை மாதிரி வேற போகுது" என்றேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனிமேல் எனக்குத் தனியாகப் பகை எதுவும் இல்லை.

கவுண்ட்டரில் இருந்த தம்பி நல்ல பையன். பொறுமையாகக் கேட்டான். பென்டிரைவைச் செருகி ஏதோ ஒரு மென்பொருளைத் திறந்தான். திரை முழுக்கப் பச்சை எண்கள். அதில் ஒன்றின்மேல் விரலை வைத்துக் காட்டினான்.

"48தான் மேடம் காட்டுது."

"எது 48?"

"பிராசஸர் டெம்ப்ரேச்சர். சூப்பரா இருக்கு. எங்க சிஸ்டமே 60ல ஓடுது."

"இந்த இடத்துல கைய வெச்சுப் பாருங்க" என்றேன். டச்பேடுக்கு இடதுபக்கம், உள்ளங்கை படுகிற இடம். தொட்டுப் பார்த்தான். "லைட்டா வார்மா இருக்கு. ஆனா உங்களுக்குத்தான் அப்படித் தோணுது மேடம். சென்சார்ல வரலன்னா நாங்க கம்ப்ளெயின்ட்டா எடுக்க முடியாது."

ஜாப் ஷீட்டில் 'வெப்பநிலை இயல்பு, பழுது இல்லை' என்ற பொருளில் ஒரு வரி எழுதி, என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். வாரண்டி முடிய அப்போது ஆறு வாரம் பாக்கி.

சினிமாக்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உள்ளங்கை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அது சூடாகிறது என்பதற்கு என் உள்ளங்கையைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியைத்தான் ஒற்றை எண் தள்ளுபடி செய்தது. வீட்டுக்கு வரும்போது கோபத்தைவிட ஒரு சந்தேகம்தான் அதிகமாக இருந்தது: நெஜமாவே எனக்குத்தான் அப்படித் தோணுதோ? ஒரு எண் மனுஷியை அவளுடைய கையையே நம்பவிடாமல் செய்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த அதிகாரத்தைப் பற்றியது.

லேப்டாப் காட்டும் பிராசஸர் வெப்பநிலையை நம்பலாமா என்று கேட்டால் இரண்டு கட்சிக்காரர்கள் வருவார்கள். சென்சார் பொய் சொல்லாது என்பது ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா, ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒவ்வொன்று காட்டும் என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் வாதம்.

2

முதலில் அந்த 48 எங்கே பிறந்தது என்று பார்ப்போம். நான் இன்ஜினியர் இல்லை, தமிழ் இலக்கியம் படித்தவள். ஆனாலும் அந்த ஒரு மாதத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கோபம் நல்ல வாத்தியார்.

பிராசஸருக்குள் பாதரசமும் இல்லை, தெர்மாமீட்டரும் இல்லை. சிலிக்கானுக்கு ஒரு குணம் உண்டு. அதில் செய்த டயோடு வழியாக ஒரே அளவு மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருந்தால், சூடு ஏற ஏற அதன் இரு முனைகளுக்கு இடையேயான வோல்டேஜ் குறையும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். அந்தக் குறைவை அளந்து வெப்பநிலையாக மாற்றுகிறார்கள். 2006இல் வந்த இன்டெல் கோர் டுயோ காலத்திலிருந்து இந்த வேலை முழுக்க பிராசஸருக்குள்ளேயே நடக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் அதற்கென்று ஒரு சென்சார்.

சரி, அந்த சென்சார் என்ன சொல்கிறது? இன்டெல் பிராசஸர் தன் பதிவேட்டில் '48 டிகிரி' என்று எழுதுவதே இல்லை. தன்னுடைய உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதைத்தான் எழுதுகிறது. வரம்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் லேப்டாப்பின் பிராசஸர் அன்று எழுதியது 52. 'நான் எரிய ஆரம்பிக்க இன்னும் 52 படி இருக்கு' என்பதுதான் அது சொன்ன சேதி. மென்பொருள் அந்த 52ஐ நூறிலிருந்து கழித்து 48 என்று திரையில் போட்டது. தம்பி விரல் வைத்துக் காட்டிய எண் அந்தச் சில்லில் எங்கேயும் இல்லை. அது ஒரு கழித்தல் கணக்கின் விடை.

கழித்தல் கணக்கில் மேலே இருக்கும் எண் தப்பாகப் போனால் விடையும் போச்சு. பழைய மொபைல் பிராசஸர்கள் சிலவற்றுக்கு வரம்பு 85, சிலவற்றுக்கு 100. எது எது என்று சில்லே வெளிப்படையாகச் சொல்லாத காலம் ஒன்று இருந்தது. லினக்ஸில் இந்த வேலையைப் பார்க்கும் 'கோர்டெம்ப்' என்ற டிரைவர் இரண்டில் ஒன்றை அனுமானித்துத்தான் கழித்தது. அனுமானம் பிசகினால் ஒரே லேப்டாப் ஒரே நொடியில் ஒரு மென்பொருளில் 60, இன்னொன்றில் 75. இரண்டு மென்பொருளும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே 25ஐத்தான் படித்தன. 2008இல் இன்டெல் பல பிராசஸர்களுக்கு அந்த உச்ச எண்களை அறிவித்தது. அதன்பின் வந்த சில்லுகள் தங்கள் வரம்பைத் தாங்களே சொல்லத் தொடங்கின. ஆக, 'ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒவ்வொன்று காட்டும்' என்ற பழைய கட்சியின் குற்றச்சாட்டு இன்று பெருமளவு செல்லாது.

ஆனால் இன்னொரு குறை இன்னும் இருக்கிறது. சென்சாரை வைத்ததன் நோக்கம் பிராசஸரைக் காப்பாற்றுவது. வரம்பை நெருங்கும்போது அது சரியாகச் சொன்னால் போதும். அந்த முனையில் சரியாக இருக்கும்படிதான் அதைச் சீர்செய்கிறார்கள். வரம்பிலிருந்து விலக விலகப் பிசகு கூடும். அறை 34 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் 29 காட்டியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக முடியாது. அந்த 29 அபத்தம். ஆனால் அதே சென்சார் 97 காட்டும்போது நம்பலாம். தீப்பிடித்தால் கத்துவதற்கு வைத்த காவலாளியிடம் போய் 'இன்னைக்குக் காத்து இதமா இருக்கா?' என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? வாயில் வந்ததைச் சொல்வான்.

3

இன்னொரு கம்பெனியின் கதை இதைவிடச் சுவாரசியம். 2017இல் ஏஎம்டி நிறுவனம் ரைசன் பிராசஸர்களை வெளியிட்டது. டெஸ்க்டாப் சில்லுகள்தான், ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். 1700எக்ஸ், 1800எக்ஸ் என்ற இரண்டு மாடல்களை வாங்கியவர்கள் அலறினார்கள். சும்மா இருக்கும்போதே இவ்வளவு சூடா? பிறகு ஏஎம்டியே விளக்கம் கொடுத்தது. அந்த இரண்டும் தங்கள் உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரியைக் கூட்டித்தான் வெளியே சொல்கின்றன. அந்த வரிசையில் உள்ள எல்லா பிராசஸர்களுக்கும் ஃபேன் ஒரே மாதிரி சுற்ற வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த எண் ஃபேனுக்குச் சொல்லப்பட்டது. நாம் ஒட்டுக்கேட்டு பயந்துபோனோம்.

இதில் ஏமாற்று வேலை இருக்கிறதா என்றால், இல்லை. இருபது கூட்டியது தெரிந்த நிமிஷத்திலிருந்து அந்த எண் முழுக்க நம்பத்தகுந்ததாகிவிட்டது. தெரியாதவரைக்கும் அது வதந்தி. எண்ணில் எந்த மாற்றமும் இல்லை. அது யாரிடம், எதற்காகப் பேசுகிறது என்பது நமக்குத் தெரியவந்தது, அவ்வளவே.

வானிலை அறிக்கையில் 'கடலூர் 38 டிகிரி' என்று வந்தால் நாம் ஏன் நம்புகிறோம்? மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நம் தலையில் இறங்குவது 38 இல்லை என்று நன்றாகத் தெரியும். தார்ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த 38ஐ யாரும் பொய் என்று சொல்வதில்லை. ஏனென்றால் அந்தத் தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். வெள்ளையடித்த மரப்பெட்டி, காற்று புகுந்து போக நாலு பக்கமும் சாய்வுச் சட்டங்கள், தரையிலிருந்து நாலடிக்கு மேல், நேர்வெயில் படாத நிழல். உலகம் முழுக்க ஏறக்குறைய அதே பெட்டி. அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. மகன் கற்பனைத் தீவுக்கு வரைபடம் போட்டார், அப்பா நிஜமான காற்றுக்குப் பெட்டி செய்தார். பெட்டி தெரிந்ததால்தான் எண்ணை நம்புகிறோம்.

என் லேப்டாப்பின் 48க்கு அந்த மாதிரிப் பெட்டி எது? எந்த இடத்து வெப்பம், என்ன வேலை செய்துகொண்டிருக்கும்போது, எந்த வரம்பிலிருந்து கழித்தது? இதில் ஒன்றைக்கூட அந்தக் கவுண்ட்டரில் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

இன்னொன்று. 48 என்பது சிலிக்கானுக்கு ஊட்டி. மனிதத் தோலுக்கு? 43 முதல் 47 டிகிரி வரையிலான சூட்டை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப, நாள்கணக்கில் தாங்கினால் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும். முன்பெல்லாம் அடுப்போரமும் கணப்போரமும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்தது. இப்போது தொடையில் லேப்டாப் வைத்து வேலை செய்பவர்களுக்கு வருகிறது என்று தோல் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. 'மடிக்கணினி' என்று ஆசையாகப் பெயர் வைத்திருக்கிறோம். கூடவே வரும் கையேடு மடியில் வைக்காதே என்கிறது! திரையில் பச்சை நிறத்தில் காட்டுவது பிராசஸரின் நலம். என் தொடைக்கும் உள்ளங்கைக்கும் அந்தத் திரையில் கட்டமே கிடையாது.

4

வாரண்டி முடிந்து பத்து நாள் கழித்து சிதம்பரத்துக்குப் போனேன். நான் படித்தது அண்ணாமலை நகரில். அந்தக் காலத்தில் எங்கள் ஹாஸ்டல் பாதிப்பேரின் லேப்டாப்பைத் திறந்து மூடிய ஒரு அண்ணன் மேலவீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இன்னும் கடை வைத்திருக்கிறார். ஒன்பதடிக்கு ஆறடி. ஒரு டேபிள் ஃபேன். செத்துப்போன மதர்போர்டுகள் சுவரில் மாலைபோலத் தொங்கும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ் சிப்காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சின்ன வயதிலிருந்து போய்வந்த ரோடு. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று ஊர்ப்பெயர் பார்த்து நான் தெரிந்துகொண்டதே இல்லை; வாடையை வைத்துத்தான் தெரியும். சித்தி வீடு அந்தப் பக்கம். லீவுக்குப் போனால் ராத்திரியில் திடீரென்று எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். "முட்டை வந்துடுச்சு" என்பாள். அழுகின முட்டை வாடை. அன்றைக்கும் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த ரோட்டில்தான் போனேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அண்ணன் முதலில் எந்த மென்பொருளையும் திறக்கவில்லை. லேப்டாப்பை மூடி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ரம்பத்தின் கூர் பார்க்கும் ஆசாரி மாதிரி ஓரமாகப் பார்த்தார்.

"கீழ வெச்சா ஆடுதா இது?"

அப்போதுதான் யோசித்தேன். ஆமாம், ரெண்டு மாசமாக மேசையில் லேசாக ஆடுகிறது. மேசைதான் சரியில்லை என்று காகிதம் மடித்து முட்டுக்கொடுத்திருந்தேன்.

பிறகுதான் ஆன் செய்தார். அதே மாதிரி எண்கள். 48, 49, 48.

"சென்டர்ல இதைத்தான்ணே காட்டினாங்க. 48தான் இருக்கு, ஒண்ணுமில்லன்னாங்க."

"பக்கத்துக் கட்டத்தப் பாரும்மா."

வேகம் என்ற கட்டம். 0.79 கிகாஹெர்ட்ஸ். ஒரு வீடியோவை ஓட்டினார். 0.79. நாலு வீடியோவை ஒரே நேரத்தில் ஓட்டினார், லேப்டாப் திணறியது. அப்போதும் 0.79. மூன்றுக்கும் மேலே போக வேண்டிய பிராசஸர்.

"சூடு கம்மியா இருக்குன்னா சொன்னாங்க? இது வேலையே செய்யலயேம்மா. கையக் கட்டி உக்கார வெச்சிருக்கு. வேலை செய்யாதவனுக்கு எங்கேருந்து வேர்க்கும்?"

பிராசஸருக்கு 'புராக்ஹாட்' என்று ஒரு சமிக்ஞைக் கம்பி உண்டு. தான் சூடாகிவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு. பெரும்பாலான லேப்டாப்களில் அது இருவழிப்பாதை. பேட்டரி, சார்ஜர், மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதி என்று போர்டில் வேறு எதற்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், அந்தக் கம்பி வழியாக 'நிறுத்து' என்று பிராசஸருக்குச் சொல்ல முடியும். பிராசஸர் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஆகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். இறங்கினால் குளிர்ந்துவிடும். அப்போது திரையில் அழகான 48 தெரியும்.

அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் மூடி தானாகவே எழும்பி வந்தது. உள்ளே பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. டச்பேடுக்கு இடதுபக்கம், என் உள்ளங்கை படுகிற இடத்துக்கு நேர் கீழே. உப்பின லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. குத்தினால், நசுங்கினால், நேரம் சரியில்லை என்றால். அதன்மேல் கையை வைத்துக்கொண்டுதான் இரண்டு மாதம் வேலை செய்திருக்கிறேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அண்ணன் அதைப் பதமாக எடுத்து வாசலில் ஒரு மணல் தொட்டியில் வைத்தார். புது பேட்டரி இரண்டு நாளில் வந்தது. மாட்டி ஆன் செய்ததும் வேகம் 3ஐத் தாண்டியது, ஃபேன் விர்ரென்று சுற்றியது, வெப்பநிலை 88க்கு ஏறியது.

"இப்ப 88 காட்டுது" என்றேன் பயத்தோடு.

"இப்பதான் நல்லா இருக்கு" என்றார் அண்ணன்.

48 காட்டும்போது நோய், 88 காட்டும்போது ஆரோக்கியம். சென்சார் இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னது. கேள்விதான் தப்பு. 'பிராசஸர் எவ்வளவு சூடு?' என்று கேட்டால் பிராசஸரைப் பற்றித்தான் பதில் வரும். 'இந்த லேப்டாப்புக்கு என்ன ஆச்சு?' என்ற கேள்வியை நான் கொண்டுபோனேன். அதைக் கவுண்ட்டரில் தூக்கிப்போட்டுவிட்டு, பதில் சுலபமாகக் கிடைக்கும் வேறொரு கேள்வியை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்.

5

இப்போது அந்த ரோட்டுக்குத் திரும்புகிறேன். ஒரு லேப்டாப் ரிப்பேரையும் சிப்காட்டையும் ஒப்பிடுவதா என்று சிலருக்குக் கோபம் வரும். நியாயம்தான். ஒன்று என் பணம், இன்னொன்று ஊர் மக்களின் நுரையீரல். துயரத்தை நான் ஒப்பிடவில்லை. இரண்டு இடத்திலும் எண் செய்த வேலை ஒன்றே என்பதைத்தான் சொல்கிறேன்.

உப்பனாற்றங்கரையில் பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள் ஆலைகள் வந்த பிறகு, காற்றில் வாடை வருகிறது, கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்றின் தரத்துக்கு அப்போது நாட்டில் இருந்த விதிகள் கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, தூசி, ஈயம் போன்ற சிலவற்றை மட்டுமே அளக்கச் சொல்லின. ரசாயன ஆலைகளிலிருந்து ஆவியாகிவரும் பெரும்பாலான கரிமப் பொருள்களுக்கு வரம்பே கிடையாது. பென்சீனுக்கே 2009 நவம்பரில்தான் தேசிய அளவில் ஒரு வரம்பு வந்தது. அதற்கு முன் எவ்வளவு நேர்மையான அதிகாரி, எவ்வளவு நேர்மையான கருவியோடு அந்த ஊருக்குப் போயிருந்தாலும், பட்டியலில் உள்ளதை அளந்து 'வரம்புக்குள் இருக்கிறது' என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். எழுதியது பொய்யாகவும் இருக்காது. சித்தியின் மூக்குக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

2004இல் அந்த ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஒரு குழு அமைத்தார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன வாடை என்று பதிவு செய்யத் தொடங்கினார்கள். அழுகின முட்டை, நெயில் பாலிஷ், பூச்சிமருந்து என்று வாடைகளுக்குத் தங்களுக்குத் தெரிந்த பெயர்களையே வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பிரத்யேகப் பை. காற்றை உறிஞ்சி அந்தப் பைக்குள் பிடித்து, அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பரிசோதனையில் இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் தெரிந்தன. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையும் அவற்றில் இருந்தன.

அந்த வாளிக்கும் ஒரு கதை உண்டு. 1995இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர், சுத்திகரிப்பு ஆலைப் புகையால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் புகையில் அவருக்கே உடம்பு முடியாமல் போனது. புகார் செய்தால், கருவிகளில் ஒன்றும் தெரியவில்லை என்று பதில் வந்தது. அவர் கருவிகளைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஒரு பொறியாளரை வைத்து, சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு கருவி செய்யச் சொன்னார். அந்த வாளிதான் கடல் தாண்டிக் கடலூருக்கு வந்தது.

இரண்டாவது கட்சிக்காரர்கள், எல்லா எண்ணும் பொய் என்கிறவர்கள், இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஈச்சங்காட்டுக்காரர்கள் 'மீட்டர் எல்லாம் ஃபிராடு' என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். எண்ணால் வாயடைக்கப்பட்டவர்கள் இன்னொரு எண்ணைக் கொண்டுவந்துதான் வாயைத் திறந்தார்கள். அளவைக்கு எதிராக அவர்கள் மூக்கை நிறுத்தவில்லை. எங்கே அளக்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று மூக்கை வைத்துக் கண்டுபிடித்து, அங்கே வாளியைத் திறந்தார்கள். அதற்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த ரோட்டில் போகிற பஸ்ஸில் இன்னும் சில நாள் ஜன்னலைச் சாத்துகிறார்கள். ஆனால் 'உங்களுக்குத்தான் அப்படித் தோணுது' என்ற வாக்கியத்தை அதன்பிறகு முன்போலச் சொல்ல முடியவில்லை.

மேலவீதி அண்ணனும் அதையேதான் செய்தார். கையில் ஆரம்பித்தார், கண்ணால் பார்த்தார், பிறகு எண்ணுக்குப் போனார். போனபோதும் ஒரு கட்டத்தோடு நிற்காமல் பக்கத்துக் கட்டத்தையும் படித்தார்.

6

எனவே, நம்பலாமா?

வரம்புக்கு எவ்வளவு தூரம் என்பதை நம்பலாம், அதுவும் வரம்பை நெருங்கும்போது. 95க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் சென்சார் உளறுகிறது என்று ஒதுக்காதீர்கள், ஃபேனில் தூசியைப் பாருங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தையும் நம்பலாம். சும்மா கிடக்கும்போது காட்டும் 38க்கும் 43க்கும் இடையில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் 88ஐ நண்பனின் 71ஓடு ஒப்பிட வேண்டாம். சில்லு வேறு, வரம்பு வேறு, அறை வேறு. ஒரு நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் மென்பொருள், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறி இறங்குவதையெல்லாம் பார்க்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். வேகத்தைப் பார்க்காமல் வெப்பநிலையை மட்டும் படிக்கவே படிக்காதீர்கள்.

நான் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை, ஒரே வீடியோவைப் பத்து நிமிஷம் ஓட்டி, நாலு விஷயம் எழுதுகிறேன்: அறை வெப்பம், பிராசஸர் வெப்பம், வேகம், கைக்கு எப்படி இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் எண் கிடையாது. 'இதம்', 'சூடு', 'இடது ஓரம் சுடுது' என்றுதான் இருக்கும். போன மூன்று மாதத்தில் அறை அதே 33இல் இருக்க, 84, 87, 91 என்று ஏறியது. கடலூர்க் காற்றில் உப்பும் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கும் என்று கணித்தேன். திறந்து பார்த்தால் ஃபேனில் கம்பளி நெய்திருந்தது. பிரஷ்ஷால் துடைத்தேன், 83க்கு இறங்கியது. பாருங்கள், அதே சென்சார்தான்! சர்வீஸ் சென்டரில் என் வாயை அடைத்த எண், என் நோட்டுக்குள் வந்ததும் எனக்காகப் பேசுகிறது.

சர்வீஸ் சென்டர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஜாப் ஷீட்டில் 'வாடிக்கையாளர் சொன்னது' என்று ஒரு வரி இருக்கிறது. 'சூடு' என்று ஒரு சொல்லை எழுதி அதை மூடிவிடுகிறார்கள். எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன செய்யும்போது என்று எழுதட்டும். எண் அதோடு முரண்பட்டால், வாடிக்கையாளர் தப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றட்டும். முரண்பாடு என்பதே ஒரு தகவல். மேலே குளிர்ச்சி என்கிறது ஒரு சாட்சி, கீழே சுடுகிறது என்கிறது இன்னொன்று. ஒரு சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு வழக்கை முடிப்பது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கையில் கொடுத்திருப்பது ஒரு பென்டிரைவ், ஒரு படிவம், ஒரு நாளைக்கு இத்தனை லேப்டாப் என்ற கணக்கு. சென்சார்ல வராததை எடுத்துக்கொண்டால் அவனுக்கு மேலே இருப்பவன் கேட்பான். ஆனால் அவனும் கடலூர்க்காரன்தான். அவன் வீட்டு ஜன்னலையும் யாரோ ஒருத்தி நடுராத்திரியில் சாத்தியிருக்கக்கூடும்.

போன மாதம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். லேப்டாப் கதையைச் சொன்னேன். பிராசஸர், புராக்ஹாட் எதுவும் அவளுக்குப் புரியவில்லை. பேட்டரி உப்பியிருந்ததையும் அந்தத் தம்பி 48தான் என்று சொன்னதையும் கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"அவன் மீட்டர எங்கடி வெச்சுப் பார்த்தான்?"